டை அடித்த பிறகு எரியுதா, அரிக்குதா, வீங்குதா? அறிகுறியை வைத்துக் காரணம் பிடிப்பது எப்படி

ஹேர் டையால் வரும் தொல்லையில் முதலில் பார்க்க வேண்டியது தலையை அல்ல, கடிகாரத்தை. தடவிய சில நிமிடத்தில் தொடங்கியதா, மறுநாளா, பத்து நாள் கழித்தா? இதற்கு விடை தெரிந்தால் பாதி காரணம் பிடிபட்டுவிடும். நிமிடங்களில் வரும் எரிச்சல் பெரும்பாலும் ரசாயனம் தோலை நேரடியாகச் சுடுவது. ஒன்று முதல் மூன்று நாளுக்குள் வரும் அரிப்பும் வீக்கமும் பெரும்பாலும் ஒவ்வாமை. முதலாவது, நேரத்தையும் அளவையும் சரிசெய்தால் அடங்கும். இரண்டாவது அடங்காது. ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போகும். "போன தடவை லேசாத்தானே அரிச்சுது" என்று மறுபடி அடிப்பவர்கள்தான் முகம் முழுக்க வீங்கி மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

கீழே உள்ளதை வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போங்கள். ஆனால் மூச்சு வாங்குகிறது, தொண்டை அடைக்கிறது, நாக்கோ உதடோ வீங்குகிறது, தலை சுற்றி மயக்கம் வருகிறது என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். டையைக் கழுவுவதுகூட அதற்குப் பிறகுதான்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது

கழுவினாலும் போகாத நிரந்தர டையில் இரண்டு பங்கு இருக்கும். ஒன்று நிறக் களிம்பு. அதில் பாரா-ஃபீனைலீன்டயமீன், சுருக்கமாக பிபிடி, அல்லது அதன் உறவான டொலுயீன்டயமீன் இருக்கும். கூடவே ரெசார்சினால், அமோனியா போன்றவையும் உண்டு. மற்றது டெவலப்பர், அதாவது ஹைட்ரஜன் பெராக்சைடு. அமோனியா முடியின் செதில்களைத் தூக்கிவிடும், பெராக்சைடு பிபிடியை ஆக்சிஜனேற்றும், அது முடிக்குள்ளேயே பெரிய நிற மூலக்கூறாகி வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். இந்த வினை முடியும் வரை இருக்கும் அரைகுறைப் பிபிடிதான் தோலில் வம்பு செய்வது. முழுக்க நிறமாக மாறிய பிறகு அது ஏறக்குறைய சாது.

லேபிளில் பிபிடி என்ற பெயரிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. 1,4-டயமினோபென்சீன், 1,4-பென்சீன்டயமீன், சி.ஐ. 76060 என்று இருந்தாலும் அதேதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் தலையில் தடவும் கலவையில் பிபிடி 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த அளவிலும், ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவருக்கு வீக்கம் வரத்தான் செய்யும்.

தடவும்போதே மண்டை எரிகிறது

லேசான சுறுசுறுப்பு, சூடு போன்ற உணர்வு சாதாரணம். ஊசி குத்துவது போல் எரிந்தால், அல்லது ஒரே இடத்தில் மட்டும் காந்தினால், "இன்னும் பத்து நிமிஷம்தானே" என்று பல்லைக் கடிக்காதீர்கள். அந்த நிமிடமே கழுவிவிடுங்கள். நிறம் திட்டுத்திட்டாக வந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வெதுவெதுப்பான தண்ணீர் போதும். சுடுதண்ணீர் எரிச்சலைக் கூட்டும். தலையைக் குனிந்து, தண்ணீர் முகத்தில் வழியாமல் முன்பக்கம் விழும்படி, ஐந்து முதல் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். வடியும் தண்ணீரில் நிறம் மறைந்த பிறகு மென்மையான ஷாம்பு போட்டு இரண்டு முறை அலசுங்கள். கையுறையைக் கழற்றுவது இதற்கெல்லாம் பிறகு. தடவும்போது கையுறை போட்டுவிட்டு அலசும்போது வெறுங்கையால் தேய்ப்பது எல்லோரும் செய்யும் தவறு.

எரிந்ததற்குக் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று. அன்றைக்கே ஷாம்பு போட்டுத் தலையைத் தேய்த்துக் குளித்திருப்பீர்கள். தோலின் எண்ணெய்ப் படலம் போய்விட்டது. முந்தைய நாள் குளித்துவிட்டு, எண்ணெய் வைக்காமல் காய்ந்த தலையில் அடிப்பதே சரி. அல்லது சீப்பு கீறிய இடம், சொறிந்த புண், சோரியாசிஸ் (தோல் தடித்துச் செதிலாக உதிரும் நோய்) இருந்திருக்கும். அல்லது முடியை நேராக்கும் சிகிச்சை செய்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. இன்னொன்று டெவலப்பரின் பலம். 10 வால்யூம் என்றால் 3 சதவீதம், 20 என்றால் 6, 30 என்றால் 9, 40 என்றால் 12. நரையை மூட 6 சதவீதம் போதும். 12 சதவீதத்தை மண்டையில் படும்படி தடவினால் எரியாமல் என்ன செய்யும்?

பிளீச் இதைவிட ஒரு படி மேல். அதில் பெர்சல்ஃபேட் உப்புகள் உண்டு. அலுமினியத் தாளில் மடித்து, மேலே டிரையர் சூடும் காட்டினால் வெப்பம் உள்ளேயே கூடி, தலைத்தோல் ஆழமாக வெந்துபோன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கொப்புளம், வெள்ளையாகி உணர்ச்சியற்ற தோல், கசிவு எது இருந்தாலும் அதைத் தீக்காயமாகவே நினைத்து மருத்துவரிடம் போங்கள்.

மறுநாள் அரிப்பு, அதற்கடுத்த நாள் கண் திறக்க முடியவில்லை

இதுதான் பிபிடி ஒவ்வாமையின் கையெழுத்து. கவனிக்க வேண்டியது, தலையில் தடவியும் தலை அவ்வளவாகப் பாதிக்கப்படாது. உச்சந்தலைத் தோல் தடிமன். கண் இமைத் தோல் உடலிலேயே மெல்லியது. அதனால் முதலில் காது மடலின் மேல் ஓரத்திலும், பின்கழுத்து முடி முடியும் கோட்டிலும், நெற்றி விளிம்பிலும் சிவந்து நமைக்கும். அடுத்த நாள் காலை கண்ணாடியைப் பார்த்தால் மேல் இமை நீர் கோத்து, கண் ஒரு கீறலாக இருக்கும். பலர் இதைப் பூச்சிக்கடி, தூசு அலர்ஜி, கண் நோய் என்று நினைத்து கண் மருத்துவரிடம் போவார்கள். "இரண்டு மூன்று நாளுக்குள் டை அடித்தீர்களா?" என்று யாராவது கேட்கும் வரை விஷயம் வெளியே வராது. மீசைக்கும் தாடிக்கும் அடித்தவர்களுக்கு உதடும் தாடையும் சேர்ந்து வீங்கும்.

ஏன் இந்தத் தாமதம்? இது ரத்தத்தில் சுற்றும் எதிர்ப்பொருள் செய்யும் வேலை இல்லை. தோலுக்குப் படைபோல் வந்து சேரும் டி-செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் செய்வது. அவை திரள ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். ஏற்கெனவே பல முறை பட்டவருக்குச் சில மணி நேரத்திலேயே தொடங்கலாம். வாழ்க்கையிலேயே முதல் முறை படுபவருக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் வெடிக்கும். இருபது வருடம் ஒன்றும் ஆகாமல் அடித்தவருக்கு இருபத்தோராவது வருடம் வருவதும் வழக்கம்தான். "நான் எப்பவும் இதைத்தான் போடுறேன்" என்பது ஒவ்வாமை இல்லை என்பதற்கு ஆதாரம் ஆகாது.

செய்ய வேண்டியவை. இரண்டு நாள் ஆகியிருந்தாலும் மறுபடி ஒரு முறை மென்மையான ஷாம்புவால் தலையை நன்றாக அலசுங்கள். மிச்சம் மீதி போகட்டும். தலையணை உறை, துண்டு, சீப்பு எல்லாவற்றையும் துவையுங்கள். சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, வீங்கிய இடத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுங்கள், நாளுக்கு மூன்று நான்கு முறை. அலர்ஜி மாத்திரை நமைச்சலைக் கொஞ்சம் குறைத்துத் தூங்க உதவும். வீக்கத்தின் வேரை அது தொடாது. காது, கழுத்து, நெற்றியில் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பை மெல்லிசாக இரண்டு வேளை, சில நாள் மட்டும் தடவலாம். கண் இமையில் நீங்களாகத் தடவாதீர்கள். இமை மூடிக்கொள்ளும் அளவுக்கு வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ, சீழ் பிடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவர்தான். அவர் சில நாளுக்கு ஸ்டீராய்டு மாத்திரை எழுதக்கூடும்.

இங்கே ஒரு பொறி உண்டு. நமைச்சலுக்கு என்று கடையில் விற்கும், தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்புகள் சிலவற்றில் பென்சோகெயின் இருக்கும். அது பிபிடியின் ரசாயன உறவு. பிபிடி ஒத்துக்கொள்ளாதவருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். நெருப்பை அணைக்க எண்ணெய் ஊற்றிய கதைதான். அதே காரணத்தால் பல் பிடுங்கும்போதோ அறுவை சிகிச்சையின்போதோ உங்களுக்குப் பிபிடி ஒவ்வாமை இருப்பதைச் சொல்லுங்கள். புரொகெயின் வகை மரத்துப்போகச் செய்யும் மருந்து, சல்ஃபா மருந்துகள், துணிகளுக்குப் போடும் சில அடர்நிறச் சாயங்கள், கறுப்பு ரப்பரில் சேர்க்கும் சில பொருள்கள் ஆகியவையும் பிபிடி ஒத்துக்கொள்ளாதவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். எல்லோருக்கும் எல்லாவற்றிலும் வரும் என்றில்லை.

உறுதிப்படுத்த, தோல் மருத்துவர் முதுகில் பேட்ச் டெஸ்ட் செய்வார். பெட்ரோலேட்டத்தில் (பெட்ரோலியம் ஜெல்லி) 1 சதவீதம் கலந்த பிபிடியை ஒட்டி, 48 மணி நேரம் வைத்து எடுத்துவிட்டு, அன்றும் மீண்டும் இரண்டு நாள் கழித்தும் பார்ப்பார். வீக்கம் முழுக்க வடிந்து சில வாரம் ஆன பிறகுதான் செய்வார்கள். ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போது செய்தால் பொய்யாக "இல்லை" என்று காட்டலாம்.

உறுதியானால், இந்த ஒவ்வாமை போகாது. பிராண்டை மாற்றுவதால் பயனில்லை. பிபிடி இல்லை என்று எழுதிய டையில் பெரும்பாலும் டொலுயீன்டயமீன் இருக்கும், அது பலருக்கு அதே வேலையைச் செய்யும். ஒவ்வாமையைத் தூண்டும் தன்மை குறைந்தது என்று சொல்லப்படும் புதிய மாற்றுப் பொருள்கள் புதிதாகத் தொடங்குவோருக்காக வந்தவை. ஏற்கெனவே வீங்கியவர்களுக்கு அவை பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

தடவிய அரைமணிக்குள் உடம்பெல்லாம் தடிப்பு, தும்மல், இளைப்பு

இது அரிது, ஆனால் மேலே சொன்னதைவிட ஆபத்தானது. பிளீச்சில் உள்ள பெர்சல்ஃபேட் இதற்குப் பேர்போனது. பொடியைக் கொட்டிக் கலக்கும்போது பறக்கும் தூசே போதும், மூக்கு ஒழுகி மூச்சு இளைக்க. முடிதிருத்தும் தொழிலில் இருப்பவர்களுக்கு வேலை நாளில் மட்டும் இளைப்பு வந்து விடுமுறையில் அடங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பொடியாக அல்லாமல் களிம்பாக வரும் பிளீச், காற்றோட்டம், கலக்கும் இடத்தைத் தனியாக வைப்பது ஆகியவை உதவும். ஏற்கெனவே தடிப்பு வந்தவர் இரண்டாவது முறை முயற்சி செய்யவே கூடாது.

கண்ணில் பட்டுவிட்டது

ஓடும் தண்ணீரில் இமையைப் பிரித்துப் பிடித்து 15 முதல் 20 நிமிடம் கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழுவிக்கொண்டே எடுங்கள். கசக்காதீர்கள். பிறகு கண் மருத்துவர்.

புருவத்துக்கும் இமைமுடிக்கும் தலை டையைப் போடக் கூடாது என்று உறையில் எழுதியிருப்பது சம்பிரதாயம் அல்ல. 1933இல் அமெரிக்காவில் லாஷ் லூர் என்ற பிபிடி கலந்த இமைச் சாயம் பலருடைய கண்ணைப் பாதித்தது. பார்வை இழந்தவர்கள் உண்டு, ஓர் உயிரும் போனது. 1938இல் அந்த நாடு அழகுசாதனப் பொருள்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மாதா மாதம் அரிப்பு, பொடுகு ஷாம்பு போட்டும் கேட்கவில்லை

டை அடிக்கும் நாளையும் அரிக்கும் நாளையும் காலண்டரில் குறியுங்கள். இரண்டு மூன்று சுற்றிலேயே தெரிந்துவிடும். அடித்த மறுநாள் ஏறி, பத்து நாளில் இறங்கி, அடுத்த டைக்கு மறுபடி ஏறினால் அது பொடுகு அல்ல, மெல்லிய ஒவ்வாமை. டை நாளோடு தொடர்பே இல்லாமல் எண்ணெய்ப் பிசுக்கு செதிலாக உதிர்ந்தால் பொடுகு. முதல் வகை என்றால் நிறுத்த இதுவே நல்ல நேரம்.

முடி கொட்டுகிறது

முதலில் கொட்டுகிறதா, உடைகிறதா என்று பாருங்கள். உதிர்ந்த முடி பத்தை வெள்ளைத் தாளில் வையுங்கள். ஒரு முனையில் சின்ன வெண்குமிழ் இருந்தால் வேரோடு வந்தது. குமிழ் இல்லாமல் குட்டையாக, முனை பிளந்து இருந்தால் நடுவில் ஒடிந்தது. டை பெரும்பாலும் செய்வது இரண்டாவது. தூக்கிய செதில் சரியாக மூடாமல், உள்ளே ஈரம் நிற்காமல் முடி பொரபொரப்பாகிவிடுகிறது. நனைந்த முடி ஒன்றை இரு விரலால் மெல்ல இழுங்கள். நல்ல முடி கொஞ்சம் நீண்டு திரும்பிவிடும். கெட்டது பிசின் போல நீண்டு அறுந்துபோகும். அப்படி அறுந்தால் நீளம் முழுக்க டை அடிப்பதை நிறுத்தி, வேர்ப்பகுதியில் புதிதாக வளர்ந்த முடிக்கு மட்டும் அடியுங்கள். நரை தெரிவது அங்கேதானே.

டை வேரைக் கொல்வதில்லை. ஆனால் தலைத்தோல் கடுமையாக வீங்கிப் புண்ணானவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து வேரோடு கொத்தாகக் கொட்டலாம். அது பெரும்பாலும் தானாகத் திரும்ப வளரும்.

நெற்றியும் கழுத்தும் கறுக்கின்றன, அல்லது வெள்ளைத் திட்டு

தோலில் ஒட்டிய சாயம் சில நாளில் போய்விடும். அடிக்கும் முன் முடிக்கோட்டில் பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் அதுவும் வராது. வாரக்கணக்கில் நெற்றி ஓரம், காதோரம், கழுத்து சாம்பல்-பழுப்பாகக் கறுத்துக்கொண்டே போனால் அது சாயம் அல்ல, அரிப்பே இல்லாமல் நடக்கும் தொடு ஒவ்வாமையாக இருக்கலாம். சிலருக்கு நேர்மாறாக, டை பட்ட இடத்தில் நிறமணுக்கள் அழிந்து வெண்திட்டு வரும். இரண்டிலும் டையை நிறுத்தாமல் களிம்பு பூசுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது.

டை அடிக்காதவருக்கு அரிக்கிறது

தலையணையைப் பகிர்ந்துகொள்ளும் கணவனுக்கோ மனைவிக்கோ வருவது உண்டு. அடுத்தது, வேறொருவருக்கு டை அடித்துவிடுபவரின் விரல் நுனிகளும் மணிக்கட்டும். மெல்லிய லேடெக்ஸ் கையுறை வழியாகப் பிபிடி ஊடுருவும். நைட்ரைல் கையுறை மேல். ஒரு முறை போட்டதை உட்புறம் வெளியாகத் திருப்பி மறுபடி போட்டால் சாயம் நேராகத் தோலில். தொழிலாக வெட்டுபவர்கள் முதலில் முடியை வெட்டிவிட்டுப் பிறகு டை அடிப்பது நல்லது. புதிதாகச் சாயம் ஏற்றிய முடியை வெறுங்கையால் பிடித்து வெட்டும்போது மிச்சப் பிபிடி கையில் ஏறுகிறது.

விழுங்கிவிட்டார்கள்

குழந்தை வாயில் வைத்தாலும் சரி, யார் எந்தக் காரணத்தால் குடித்திருந்தாலும் சரி, அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உறையைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். பிபிடி உள்ளே போனால் சில மணி நேரத்தில் கழுத்தும் நாக்கும் வீங்கி மூச்சுக்குழாய் அடையலாம். பிறகு தசை சிதைந்து, சிறுநீர் கருஞ்சாக்லேட் நிறமாகி, சிறுநீரகம் செயலிழக்கலாம். இதற்கென்று முறிமருந்து இல்லை, நேரம் ஒன்றுதான் துணை.

"இயற்கை" டைதானே, ஏன் கொப்புளம்?

மருதாணி இலையின் நிறப்பொருள் லாசோன். அது செம்பழுப்புதான் தரும், அதுவும் மெதுவாக. அரைமணியில் கரிக்கறுப்பு தரும் "மருதாணி" என்றால் வேறு ஏதோ கலந்திருக்கிறது. பெரும்பாலும் பிபிடிதான், அதுவும் அளவில்லாமல். கையில் வரையும் கறுப்பு மருதாணியால் கோடு கோடாகக் கொப்புளம் வந்த சிறுவர்கள், பெரியவர்களாகி முதல் முறை டை அடிக்கும்போது மோசமாக வீங்குவது இதனால்தான். தூய மருதாணியும் ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு ஆகாது. ரத்த அணுக்கள் சிதையும்.

"அமோனியா இல்லை" என்பதும் பாதுகாப்புச் சீட்டு அல்ல. அமோனியாவுக்குப் பதில் மோனோஎத்தனாலமைன் இருக்கும், மூக்கில் ஏறும் வாடை இருக்காது. பிபிடி அப்படியே இருக்கலாம்.

நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுக்கும் திரவங்களில் ஈய அசிட்டேட் இருந்த காலம் உண்டு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல்தான் அதன் அனுமதியை நீக்க முடிவெடுத்தது. உலோக உப்புப் படிந்த முடியில் பெராக்சைடு பட்டால் முடி சூடாகிக் கருகும். சந்தேகம் இருந்தால் நான்கைந்து முடியை வெட்டி, கண்ணாடிக் கிண்ணத்தில் 30 மி.லி. 6 சதவீதப் பெராக்சைடும் 20 சொட்டு 28 சதவீத அமோனியாவும் கலந்து அரைமணி போட்டுவையுங்கள். சூடேறினால், நுரைத்தால், கெட்ட வாடை அடித்தால் அந்தத் தலையில் டை போடாதீர்கள்.

முன்கூட்டியே சோதிப்பது

வீட்டுச் சோதனைக்கு 48 மணி நேரம் வேண்டும். விசேஷத்துக்கு முந்தின நாள் நினைவு வந்தால் அது சோதனை இல்லை. காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்மடிப்பிலோ சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த இடத்தில், தீக்குச்சித் தலையளவு களிம்பைப் பஞ்சுக் குச்சியால் தடவுங்கள். டெவலப்பர் கலப்பதா வேண்டாமா என்பது உறைக்குள் இருக்கும் தாளில் உள்ளபடி. டியூபை உடனே மூடுங்கள்; காற்றுப் பட்டால் உள்ளிருப்பது கறுத்துப் பாழாகும். 48 மணிக்குள் நமைச்சல், சிவப்பு, சின்னச் சின்ன மேடு எது வந்தாலும் கழுவிவிட்டு டப்பாவை எறியுங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் அந்தத் தடவைக்கு மட்டும் பச்சைக்கொடி. வந்த சரித்திரம் உள்ளவர்கள் வீட்டில் சோதிக்கவே கூடாது.

அறிகுறி ஒன்றும் இல்லை, பயம் மட்டும்

புற்றுநோய் பற்றிக் கேட்காதவர் இல்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2010இல் வெளியிட்ட மதிப்பீட்டில், முடிதிருத்தும் தொழிலில் படும் பாதிப்பை "அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கும்" என்ற 2ஏ பிரிவிலும், சொந்தத் தலைக்கு அடிப்பதை "வகைப்படுத்த இயலாது" என்ற 3ஆம் பிரிவிலும் வைத்தது. 2019இல் அமெரிக்காவில் 46,709 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு, நிரந்தர டை போடுபவர்களுக்கு மார்பகப் புற்று அபாயம் 9 சதவீதம் கூடுதல், கறுப்பினப் பெண்களிடம் 45 சதவீதம் கூடுதல் என்றது. மறு வருடமே 1,17,200 செவிலியரை 36 ஆண்டு தொடர்ந்த ஆய்வு, பெரும்பாலான புற்றுநோய்களுக்கும் டைக்கும் தொடர்பு காணவில்லை. எங்கள் கணிப்பில், மாதம் ஒரு முறை, உறையில் சொன்ன நேரத்தோடு கழுவுபவர் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை. தினமும் பத்துத் தலைக்குக் கலக்குபவர் கையுறையையும் காற்றோட்டத்தையும் விடக் கூடாது.

கர்ப்பத்தில் உடலுக்குள் ஏறும் அளவு மிகச் சொற்பம். இருந்தாலும் முதல் 12 வாரம் தள்ளிப்போடுவது வழக்கமான ஆலோசனை.

மீந்த கலவையை மூடிவைத்தேன், புட்டி உப்பியிருக்கிறது

பெராக்சைடு ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருக்கும், மூடிய புட்டி வெடிக்கும். முகத்தைத் தள்ளிவைத்து, கையுறையோடு, துணி சுற்றி, கழுவுதொட்டிக்குள் வைத்து மூடியை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீரை நிறைய விட்டுக் கொட்டிவிடுங்கள். மறுநாள் அதில் நிறமும் பிடிக்காது. கலக்குவதற்குக் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் கிண்ணம் மட்டும், உலோகம் வேண்டாம்.